ப்ளிங்கி பலெர்மோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஓவியம் என்று பேச்சு வந்தால் பலரும் கெர்ஹார்ட் ரிக்டரில் ஆரம்பித்து ரிக்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். ரிக்டருக்கு ஒரு நண்பர் இருந்தார். அவரைவிடப் பதினோரு வயது இளையவர், அதிகம் பேசாதவர், 33 வயதிலேயே போய்விட்டவர். பெயர் ப்ளிங்கி பலெர்மோ. அவர் ஓவியங்களை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு வருகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் கொஞ்சம் கோபமாக இருக்கும். அவற்றையும் விடவில்லை.

யார் இவர்?

1943 ஜூன் 2 அன்று லைப்சிக் நகரில் பிறந்தவர். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டு பேரையும் ஹைஸ்டர்காம்ப் என்ற குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் லைப்சிக் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது. 1952-இல் குடும்பம் மேற்கே வந்து மூன்ஸ்டர் நகரில் குடியேறியது. 1962-இல் அவர் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1966-இல் ம்யூனிக்கில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1973 கடைசியில் நியூயார்க் போய், 1976-இல் டுசல்டார்ஃபுக்கே திரும்பினார். 1977 பிப்ரவரியில் இறந்தார்.

வேலை செய்த காலம் மொத்தம் பதின்மூன்று ஆண்டுகள்தான். அதற்குள் நான்கு வகை வேலை செய்திருக்கிறார்: மரத்தாலும் துணியாலும் செய்த பொருள்கள், துணி ஓவியங்கள், சுவர் ஓவியங்கள், உலோகத் தகட்டு ஓவியங்கள்.

ஜெர்மன்காரருக்கு எப்படி இத்தாலியப் பெயர் வந்தது?

இந்தக் கேள்விதான் எப்போதும் முதலில் வரும். பிறந்தபோது அவர் பீட்டர் ஷ்வார்ட்ஸே. தத்துப் போனபின் பீட்டர் ஹைஸ்டர்காம்ப். கல்லூரியில் படிக்கும்போது, 1964 வாக்கில், ப்ளிங்கி பலெர்மோ ஆனார்.

அசல் பலெர்மோ வேறு ஆள். ஃபிராங்க் 'ப்ளிங்கி' பலெர்மோ என்று அமெரிக்காவில் ஒரு மாஃபியா பேர்வழி இருந்தார். ஃபிலடெல்ஃபியாக்காரர். குத்துச்சண்டைப் போட்டிகளைத் திரைமறைவில் ஆட்டுவித்தவர்களில் ஒருவர், ஹெவிவெயிட் வீரர் சோனி லிஸ்டனின் விவகாரங்களும் அவர் கையில் இருந்தன. மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் சிறைக்கும் போனார். வகுப்பில் யாரோ, "நீ அச்சு அசல் அந்த ஆள் மாதிரியே இருக்கிறாய்" என்று சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொன்னது யார் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கதை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் புகைப்படங்களில் நிற்கிறவரைப் பார்த்தால், அவரும் அந்த விளையாட்டை ரசித்துத்தான் செய்தார் என்று தெரிகிறது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஜெர்மனில் 'ஷ்வார்ட்ஸ்' என்றால் கறுப்பு. பெயரிலேயே ஒரு வண்ணத்தோடு பிறந்தவர், அது தன்னிடமிருந்து போனபிறகு, வாழ்நாள் முழுக்க வண்ணத்தைத் தவிர வேறெதையும் வரையவில்லை.

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அரூப ஓவியத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

நாஜிகள் அதை வெறுத்தார்கள் என்பதே முதல் காரணம். 1937-இல் ம்யூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, நவீன ஓவியங்களைக் கேலி செய்வதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து வந்த படங்களைக் கோணல்மாணலாக மாட்டி, பக்கத்தில் வசைகளை எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் மேற்கு ஜெர்மனி அந்தக் கறையைக் கழுவ நினைத்தது. 1955-இல் காஸல் நகரில், குண்டுவீச்சில் சிதைந்த ஃப்ரிடெரிசியானும் கட்டடத்தில் டாக்குமெண்டா கண்காட்சி தொடங்கியதன் பின்னணி இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனியில், தொழிலாளியையும் டிராக்டரையும் வரையச் சொன்ன சோஷலிச யதார்த்தவாதம். ஆகவே இந்தப் பக்கம் உருவமில்லாமல் வரைவதே சுதந்திரத்தின் அடையாளம் ஆகிவிட்டது. எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நாய், எமில் ஷூமாக்கர் போன்றவர்கள் பெரிதாகப் பேசப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

பலெர்மோ கல்லூரிக்கு வரும்போது நிலைமை மாறியிருந்தது. அரூப ஓவியம் வங்கி வரவேற்பறையில் மாட்டும் சங்கதியாகிவிட்டது. இளைஞர்களுக்கு அதில் சலிப்பு. ரிக்டரும் சிக்மார் போல்கேயும் செய்தித்தாள் புகைப்படங்கள், விளம்பரங்கள் பக்கம் போனார்கள். பலெர்மோ போகவில்லை. அரூபத்திலேயே இருந்தார். ஆனால் தூரிகையை வீசி உள்ளத்தைக் கொட்டுகிற பாணியை விட்டுவிட்டார்.

இவர்கள் எல்லோரும் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரிக்டர் டிரெஸ்டனிலிருந்து 1961-இல் வந்தார். போல்கே சைலீசியாவில் பிறந்து 1953-இல் வந்தார். பலெர்மோவின் இன்னொரு ஓவிய நண்பர் இமி க்னோபெல் பிறந்தது டெஸ்ஸாவில். அந்த நாட்களின் டுசல்டார்ஃப் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்த பையன்களின் ஊராகவும் இருந்தது.

இவர் ஜோசஃப் பாய்ஸின் மாணவர் என்கிறார்களே? இரண்டு பேர் வேலையிலும் ஒற்றுமையே தெரியவில்லை.

தெரியாதுதான். பாய்ஸ் கொழுப்பையும் கம்பளியையும் வைத்து வேலை செய்தவர். செத்த முயலைக் கையில் ஏந்தி அதற்கு ஓவியங்களை விளக்கியவர். நாள் முழுக்கப் பேசுவார், அரசியல் பேசுவார், கரும்பலகையில் எழுதித் தள்ளுவார். பலெர்மோ எந்தப் பிரகடனமும் எழுதவில்லை.

அவர் முதலில் சேர்ந்தது ப்ரூனோ கோலர் என்ற ஓவியரின் வகுப்பில். 1964-இல் பாய்ஸிடம் போனார். பாய்ஸ் அங்கே சிற்பப் பேராசிரியர்! சிற்ப வகுப்பில் ஓர் ஓவியர் உட்கார்ந்து படித்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். சிற்ப மாணவனுக்குப் பொருள் முக்கியம்: இது என்ன மரம், என்ன எடை, எதன்மேல் நிற்கிறது, எதில் சாய்கிறது. ஓவிய மாணவனுக்கு அந்தக் கேள்விகள் அநேகமாக வருவதே இல்லை. துணி சட்டத்தில் இருக்கும், சட்டம் ஆணியில் இருக்கும், அவ்வளவுதான். பலெர்மோ ஓவியத்தைப் பார்த்தே அந்தக் கேள்விகளைக் கேட்டார். வண்ணம் எதன்மேல் இருக்கிறது? எந்த இடத்தில் நின்றுபோகிறது? அதற்கு அந்தப் பக்கம் என்ன?

பார்க்க வந்தவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். வண்ணத்தின் நடுவில் கண்ணை வைக்காதீர்கள், அது முடிகிற விளிம்பில் வையுங்கள்.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்?

ரஷ்யர் காஸிமீர் மாலேவிச், அமெரிக்கர்கள் மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன். இதை ஒளித்து வைக்கவும் இல்லை. 1915-இல் மாலேவிச் வெள்ளைப் பரப்பில் எட்டுச் சிவப்புச் செவ்வகங்களைச் சாய்வாக மிதக்கவிட்டிருந்தார். 1964-இல் பலெர்மோ வரைந்த படத்தின் பெயரே 'எட்டுச் சிவப்புச் செவ்வகங்கள் கொண்ட சித்திரம்'. அடுத்த ஆண்டு வரைந்த 'ஃப்ளிப்பர்' என்ற படத்தின் கட்டங்கள் பின்பால் விளையாட்டு இயந்திரத்தின் பக்கவாட்டு அலங்காரத்திலிருந்து வந்தவை. மாலேவிச்சும் மதுக்கடை இயந்திரமும் அவருக்கு ஒரே தரம்.

அந்தத் துணி ஓவியங்கள்... அவற்றில் பெயின்ட்டே இல்லையாமே?

இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

1966-இலிருந்து 1972 வரை இவற்றைச் செய்தார். பலசரக்கிலிருந்து படுக்கைவிரிப்பு வரை ஒரே கூரையின்கீழ் விற்கிற பெரிய கடைக்குப் போவார். அங்கே அளந்து வெட்டித் தருகிற சாதாரணத் துணியில் இரண்டோ மூன்றோ நிறங்களைத் தேர்ந்தெடுப்பார். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்கைவாட்டில் இணைத்துத் தையல் இயந்திரத்தில் தைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டினால் ஓவியம் தயார். தைத்ததுகூட அவர் இல்லை, அவரைச் சேர்ந்தவர்கள் தைத்துக் கொடுத்தார்கள். பல படங்கள் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஆள் உயரத்துக்கும் மேலே.

தூரத்திலிருந்து பார்த்தால் ராத்கோவின் படம்தான். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவே ஒரு அடிவானம். ராத்கோ அந்த ஆழத்தைக் கொண்டுவர மெல்லிய பூச்சுகளாக அடுக்கடுக்காகப் பூசி, விளிம்புகளைப் புகைபோல மங்கவிடுவார். பார்க்கிறவர்கள் அதன்முன் நின்று கண்ணீர் விட்டதாகச் சொல்வார்கள். பலெர்மோவின் படத்தில் பக்கத்தில் போனால் புகை கிடையாது, தையல் இருக்கிறது. துல்லியமான ஒரு நேர்கோடு. கொஞ்சம் இழுபட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம். ராத்கோவில் தெய்வம் இருக்கிற இடத்தில் இங்கே நூல் இருக்கிறது.

கிண்டல் செய்கிறாரா என்று கேட்பார்கள். பாதி கிண்டல்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி என்னவென்றால், கிண்டல் என்று தெரிந்த பிறகும் நிறங்கள் வேலை செய்வதை நிறுத்துவதில்லை. அந்தத் துணியின் நிறத்தைக் கலந்தவர் ஏதோ ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி. திரைச்சீலைக்கோ சட்டைக்கோ என்று கலந்தது. பலெர்மோ செய்தது இரண்டை மட்டும்: எதன் பக்கத்தில் எதை வைப்பது, எந்த உயரத்தில் தையலை ஓட்டுவது. தையல் அநேகமாக நட்டநடுவில் இருக்காது. மேலேயோ கீழேயோ ஒதுங்கியிருக்கும். அந்த ஒதுங்கலில்தான் ஒரு படம் கனமாகவும் இன்னொன்று லேசாகவும் ஆகிறது.

அதே காலத்தில் ரிக்டர் பெயின்ட் கடைகளில் தரும் நிற அட்டைகளைப் பார்த்து நிறக் கட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் பெயின்ட் கடை, ஒருவர் துணிக்கடை.

ஒரு வில்லங்கம் உண்டு. கடைத் துணி வெளிச்சத்தில் வெளுக்கும். பொறுப்பில் இருக்கும் அருங்காட்சியகக்காரர்களுக்கு இது தலைவலி.

அப்படியானால் இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

செய்யலாம். தடை எதுவும் இல்லை. அவரே அதற்கு வழியும் செய்து கொடுத்தார். கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

இவரை மினிமலிஸ்ட் என்று சொல்லலாமா?

வேண்டாம். மினிமலிஸ்ட் என்றால் பெட்டி, கட்டம் மாதிரி மிக எளிய வடிவங்களோடு நிறுத்திக்கொள்கிற கலைஞர். அமெரிக்க மினிமலிஸ்ட்டுகளில் டொனால்ட் ஜட் போன்றவர்களுக்கு ஆலையில் செய்ததுபோல் வழுவழுவென்று இருக்க வேண்டும். பலெர்மோவிடம் எல்லாமே கொஞ்சம் கோணல். முக்கோணம் சரியான முக்கோணமாக இருக்காது. 1968-இல் செய்த 'நீல வட்டும் கோலும்' என்ற வேலையைப் பாருங்கள். நீல டேப் சுற்றிய ஒரு நெட்டைக் கோல் சுவரில் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் அதேபோல் ஒரு வட்டு. யாரோ திருவிழாவுக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் மூலையில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஜட்டின் பெட்டிகளைப் பார்த்து யாருக்கும் அப்படித் தோன்றாது.

சுவர் ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது. ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன.

1968-இலிருந்து 1973 வரை காலரி, கல்லூரி, அருங்காட்சியகம் என்று பல இடங்களில் நேரே சுவரிலேயே வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரிந்தேதான் நடந்தது.

சுவரில் வரைந்தார் என்றால் சுவரில் படம் போட்டார் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சுவர் ஏற்கெனவே எப்படி இருக்கிறதோ அதையே அவர் வரைந்தார். 1970-இல் டுசல்டார்ஃபில் கான்ராட் ஃபிஷரின் காலரியில் செய்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் மாடிப்படிச் சுவரில், படிகளையொட்டிக் கீழ்ப்பகுதிக்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள் அல்லவா, படியேறும்போது கூடவே ஏறி வருகிற அந்த நிறப்பட்டை. அதன் வடிவத்தை அப்படியே எடுத்து, படியே இல்லாத காலரிச் சுவரில் வரைந்துவிட்டார். படி இல்லை, படியேறிய நினைவு மட்டும் சுவரில் இருக்கிறது.

1971-இல் ம்யூனிக்கில், ஹெய்னர் ஃப்ரீட்ரிஷின் காலரியில், எதிரெதிரான இரண்டு சுவர்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஓரத்தில் மட்டும் வெள்ளையை விட்டுவிட்டு உள்ளே முழுக்க வண்ணம் பூசினார். எதிர்ச் சுவரில் உள்ளே வெள்ளை, ஓரத்தில் மட்டும் வண்ணம். நடுவில் நிற்கிறவருக்கு எதிரில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியே கிடையாது. திரும்பித் திரும்பிப் பார்த்து மனசுக்குள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவருடைய வேலைகளிலேயே மிகவும் பிடித்தது இது. நான் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்!

1970-இல் எடின்பரோ கலைக் கல்லூரியில் டுசல்டார்ஃப் கலைஞர்களின் கூட்டுக் கண்காட்சி நடந்தபோது, பெரிய மாடிப்படிக்கு மேலே, கூரையை ஒட்டி, நான்கு பக்கமும் ஒவ்வொரு நிறத்தில் பட்டை அடித்தார்: நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அண்ணாந்து பார்க்காதவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதையும் பிறகு பூசி மறைத்தார்கள். 1972-இல் ஐந்தாவது டாக்குமெண்டாவில் ஃப்ரிடெரிசியானும் மாடிப்படிச் சுவரில் துருத் தடுப்புப் பெயின்ட்டைப் பூசினார். இரும்புக்கு முதல் கோட்டாக அடிப்பார்களே, ஆரஞ்சும் சிவப்புமான அந்தப் பெயின்ட். அதன் நிறத்துக்குக் காரணமான ஈயச் சேர்மத்துக்குத் தமிழில் செந்தூரம் என்று அழகான பெயர் இருக்கிறது. சுவருக்குத் துருப்பிடிக்காது என்பதுதான் வேடிக்கை.

சரி, மிஞ்சியது என்ன? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரைபடத்தையும் சில புகைப்படங்களையும் அட்டையில் ஒட்டி அவரே ஆவணமாக வைத்திருந்தார். அந்த அட்டைகள் இருக்கின்றன. சில சுவர்களைப் பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பார்த்து மறுபடி வரைந்தும் பார்த்தார்கள். அளவும் நிறமும் சரியாக வந்துவிடும். ஆனால் அவர் வரைந்தது குறிப்பிட்ட ஒரு சுவருக்காக, அந்தச் சுவரின் அன்றைய நிலைக்காக. வேறு சுவரில் அதே அளவில் வரைந்தால் அது என்ன என்பதில் எனக்குக் குழப்பம் தீரவில்லை.

ரிக்டரோடு சேர்ந்து ஏதாவது செய்திருக்கிறாரா?

1970-இல் இருவரும் சேர்ந்து நியூயார்க் போய் வந்தார்கள். அடுத்த ஆண்டு, 'பலெர்மோவின் ஓர் அறைக்கு இரண்டு சிற்பங்கள்' என்ற வேலையைச் செய்தார்கள். பலெர்மோ அறையின் சுவர்களுக்கு மஞ்சள் காவி பூசினார். ரிக்டர் தன் தலையையும் பலெர்மோவின் தலையையும் வார்த்து, உயரமான பீடங்களில் ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினார். இரண்டு முகங்களிலும் கண்கள் மூடியிருக்கின்றன. இறந்தவர் முகத்தில் எடுக்கும் அச்சு மாதிரி இருக்கும். ரிக்டருக்கு அப்போது 39 வயது, பலெர்மோவுக்கு 28.

ஓவியர் சிற்பம் செய்கிறார், சிற்ப வகுப்பு மாணவர் சுவருக்கு வண்ணம் பூசுகிறார். இந்த வேலை இப்போது ம்யூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஆறே ஆண்டுகளில் அந்த இரண்டு முகங்களில் ஒன்று நிஜமாகவே கண்மூடிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதை வெறும் கேலியாகப் பார்க்க முடிவதில்லை.

நியூயார்க் போனதால் என்ன மாறியது?

சுவரும் போனது, துணியும் போனது. தகடு வந்தது.

1973 டிசம்பரில் அங்கே போனவர், பெரும்பாலும் அலுமினியத் தகடுகளில் அக்ரிலிக் வண்ணம் பூச ஆரம்பித்தார். தகடுகள் தனித்தனியாக இருக்காது. நான்கு நான்காக, நடுவே இடைவெளி விட்டு ஒரு வரிசை. ஒவ்வொரு தகட்டிலும் பெரும்பகுதி ஒரே நிறம், மேலும் கீழும் மெல்லிய பட்டையாக இன்னொரு நிறம். வேட்டிக் கரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து சற்றே தள்ளி மாட்டுவதால் பின்னால் நிழல் விழும், தகடு மிதப்பதுபோல் தெரியும். விளிம்பு பற்றி முன்னால் சொன்னேனே, இங்கே ஒரே படத்துக்கு எத்தனை விளிம்பு என்று எண்ணிப் பாருங்கள்.

'நாளின் பொழுதுகள்' என்ற வரிசையை 1974-க்கும் 1976-க்கும் இடையில் செய்தார். ஆறு தொகுதி, தொகுதிக்கு நான்கு தகடு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும். உருவம் இல்லாத ஓவியத்தில் காலையும் மாலையும் வந்துவிட்டது. அந்த வருடங்களில் நண்பர் க்னோபெலோடு ஹூஸ்டனுக்குப் போய் ராத்கோவின் ஓவியங்கள் இருக்கும் தேவாலயத்தையும் பார்த்தார். நியூயார்க்கின் வெளிச்சமும் இடங்களும் அவர் படங்களுக்குள் வந்தன. 1975-இல் ஒரு படத்துக்கு, அங்கிருக்கும் கேளிக்கைக் கடற்கரையின் பெயரையே, 'கோனி தீவு' என்று வைத்தார். கடற்கரை, ராட்டினம், ஐஸ்கிரீம் எதுவும் அதில் இல்லை. நிறம் மட்டும்.

அதே 1975-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ ஈராண்டுக் கண்காட்சியில் மேற்கு ஜெர்மனியின் சார்பில் பலெர்மோ, போல்கே, கியோர்க் பாசெலிட்ஸ் என்ற மூன்று ஓவியர்களின் படங்களும் வைக்கப்பட்டன.

'நியூயார்க் நகர மக்களுக்கு' என்ற ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது?

15 பகுதிகள், மொத்தம் 40 தகடுகள். மூன்றே நிறங்கள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒரு பகுதியில் ஒரு தகடு இருக்கும், இன்னொன்றில் இரண்டு, மூன்று, நான்கு. சில தகடுகள் புத்தக அளவு, சில நெஞ்சு அகலத்தைத் தாண்டும். மூன்று நிறங்களும் இடம் மாறி மாறி வருகின்றன. ஓரிடத்தில் பரப்பாக இருந்த மஞ்சள் அடுத்ததில் கரையாகிறது, கரையாக இருந்த கறுப்பு பரப்பாகிறது.

அறையைச் சுற்றி நடந்துகொண்டே பார்க்க வேண்டிய வேலை இது. நின்ற இடத்தில் நின்று பார்த்தால் கொடித் தோரணம் மாதிரிதான் இருக்கும். நடக்கும்போதுதான் அடுத்து எந்த நிறம் வரும் என்று நாம் ஊகிக்க ஆரம்பிக்கிறோம். ஊகம் சில முறை பலிக்கும், சில முறை ஏமாற்றும். ஜாஸ் இசை அவருக்குப் பிடிக்கும் என்பதால் பலரும் இதை இசையோடு ஒப்பிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் எனக்கு இதைவிட நல்ல உவமை கோலம் போடுவது. அதே புள்ளிகள், அதே கை, தினம் வேறு கோலம்.

இதை முடித்தது நியூயார்க்கில் இல்லை, டுசல்டார்ஃபுக்குத் திரும்பி வந்த பிறகு. அவர் இறந்தபின் ஸ்டூடியோவில் இருந்தது. எதன் பக்கத்தில் எதை மாட்டுவது என்பதற்கு வரைபடங்கள் விட்டுச் சென்றிருந்தார். பின்புறத்தில் 'நியூயார்க் மக்களுக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஊரை விட்டு வந்தபின் ஊருக்கு எழுதிய கடிதம் மாதிரி. 1977-இலேயே ஹெய்னர் ஃப்ரீட்ரிஷ் அதை நியூயார்க்கில் காட்டினார். அந்த ஃப்ரீட்ரிஷ்தான் 1974-இல் மற்றவர்களோடு சேர்ந்து டியா கலை அறக்கட்டளையைத் தொடங்கியவர். அதனால் 40 தகடுகளும் சிதறாமல் டியாவிடமே இருக்கின்றன.

கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்றால் ஜெர்மன் கொடியாயிற்றே?

ஆமாம். தற்செயலாக இருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: 1949-இல் இரண்டு ஜெர்மனிகளுமே இதே மூன்று நிறங்களைத்தான் கொடியாக வைத்துக்கொண்டன. கிழக்கு ஜெர்மனி பத்து ஆண்டு கழித்து நடுவில் தன் சின்னத்தைச் சேர்த்தது. கிழக்கில் பிறந்து மேற்கில் வளர்ந்த ஒருவருக்கு அந்த மூன்று நிறங்கள் பிளவின் நிறங்களும்தான், பிளவுக்கு முந்தைய நிறங்களும்தான்.

ஆனால் அதை நியூயார்க் மக்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? தேசபக்தி என்றோ எதிர்ப்பு என்றோ யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை. கொடியில் நிறங்களின் வரிசை மாறக் கூடாது, மாறினால் வேறு நாடு. இவர் 40 தகடுகளில் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார். எனக்குப் போதுமான பதில் அது.

எப்படி இறந்தார்?

1977 பிப்ரவரியில் மாலத்தீவுக்குப் போயிருந்தபோது, குரும்பா என்ற தீவில் திடீரென்று இறந்தார். மாலத்தீவின் முதல் சுற்றுலா விடுதி 1972-இல் தொடங்கியது அங்கேதான். திவேகி மொழியில் குரும்பா என்றால் இளந்தேங்காய். தென்னங்குரும்பை என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடிபடும். முற்றுவதற்கு முன் உதிர்கிற காயின் பெயர் கொண்ட தீவில் ஒருவர் 33 வயதில் இறந்தார் என்பதை எழுதும்போது, கதை கட்டுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஆனால் ஊர்ப் பெயர் அதுதான்.

அவர் போன அந்த ஆண்டே இமி க்னோபெல் '24 நிறங்கள்: ப்ளிங்கிக்கு' என்ற வேலையைச் செய்தார். 24 பெரிய பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு கோணலான வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதுவரை பெரும்பாலும் கறுப்பிலும் வெள்ளையிலும் வேலை செய்துவந்தவர் க்னோபெல். அதுவும் டியாவிடம் இருக்கிறது.

படங்களை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவில் நியூயார்க்குக்கு வடக்கே ஹட்ஸன் ஆற்றங்கரையில் இருக்கும் டியா பீக்கன். பிஸ்கட் கம்பெனிக்குப் பெட்டி அச்சடித்த பழைய ஆலை அது, 2003-இலிருந்து அருங்காட்சியகம். ஜெர்மனியில் பான் நகரக் கலை அருங்காட்சியகம், ம்யூனிக் லென்பாக்ஹவுஸ். அமெரிக்காவில் அவருக்கு முழுமையான கண்காட்சி நடந்ததே 2010-இல்தான். லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி வாஷிங்டன் வழியாக டியா பீக்கன் வரை போனது. நியூயார்க் மக்களுக்கு என்று எழுதி வைத்தவருக்கு 33 ஆண்டு தாமதம். எங்கே போவதானாலும் அந்த நேரத்தில் படம் மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். துணி ஓவியங்களை எப்போதும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றீர்களே, என்ன அது?

'நீல முக்கோணம்'. 1969-இல் 50 பிரதிகள் மட்டும் வெளியிட்ட ஒரு பெட்டி. உள்ளே முக்கோணம் வெட்டிய ஓர் அட்டை, ஒரு ட்யூப் நீல வண்ணம், ஒரு தூரிகை, அவர் கையால் ஒரு தாளில் வரைந்த நீல முக்கோணம் ஒன்று. கூடவே ஒரு குறிப்பு: அட்டையை வைத்துக் கதவுக்கு மேலே ஒரு நீல முக்கோணம் வரையுங்கள், அப்புறம் அசல் தாளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வாங்கியவர்கள் எல்லோரும் அப்படிச் செய்திருந்தால் இன்று ஐம்பது கதவுகளுக்கு மேல் முக்கோணம் இருக்க வேண்டும், பெட்டிகளெல்லாம் வெறும் பெட்டிகளாகி இருக்க வேண்டும். ஆனால் அட்டை அழுக்காகாமல், ட்யூப் திறக்காமல், அசல் தாளும் உள்ளேயே இருக்க, பெட்டிகள் சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன.

பெட்டி இல்லாதவர்கள் வரையலாமா என்றால், அட்டையில் ஒரு முக்கோணம் வெட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இரண்டு பக்கங்கள் சமமாக இருந்தால் போதும், கூர்முனை மேலே. நிலைப்படிக்கு நேர் மேலே, நடுவில். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.